தேக்கு ஸ்டூல், எட்டு மூட்டு: செய்து பார்த்த குறிப்பு

நாலு கால் இருந்தாலும் வாயில் வருவது முக்காலி என்றுதான். குழப்பம் வேண்டாம், ஸ்டூல் என்றே வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 425 மி.மீ. கால்கள் 40-க்கு 40, நீளம் 400. பக்கச் சட்டங்கள் நான்கு, 60 அகலம், 20 கனம். காலுக்குக் கால் இடைவெளி நீளவாக்கில் 230, குறுக்கே 140. மேலே 350-க்கு 260 பலகை, கனம் 25. மெஷின் கிடையாது, ரம்பம், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). கால்களையும் சட்டங்களையும் சேர்ப்பது எட்டு மூட்டுகள். ஒவ்வொன்றும் சட்டத்தின் முனையில் ஒரு நாக்கு, காலில் அதற்கொரு துளை.

மரம்

மரத்தின் உள்ளே இருக்கும் கருத்த வைரப்பகுதி மட்டுமே எடுத்தது. ஓரத்து வெளிர் பகுதியைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும், எண்ணெய் பூசினாலும் நிறம் சேராது. முதல் வெட்டில் கால்களை 45-க்கு 45, 430 நீளம் என்று தாராளமாக அறுத்து, காற்றோட்டத்துக்கு நடுவில் குச்சி கொடுத்து இரண்டு வாரம் அடுக்கி வைத்தாயிற்று. அவசரப்பட்டு அன்றே இழைத்திருந்தால் ஒரு கால் வீணாகியிருக்கும். அறுத்த நான்கில் ஒன்று 430 நீளத்துக்கு 2 மி.மீ. வளைந்தது. பலகையாக இருக்கும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருந்த உள் இறுக்கம், அறுத்ததும் அவிழ்ந்துவிடும். கூடுதலாக விட்ட 5 மி.மீ. அதற்குத்தான்.

இழைப்பில் ஒழுங்கு முக்கியம். முதலில் ஒரு முகம் சமம். அதன் இரு முனையிலும் நேரான குச்சி ஒவ்வொன்று குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பார்த்தால் முறுக்கு இருப்பது உடனே தெரியும். அடுத்து அதற்குச் செங்குத்தாக ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் பென்சிலில் குறி போட்டு, இனி எல்லா அளவும் இங்கிருந்துதான். தேக்கில் சிலிக்கா உண்டு. இழைப்புளித் தகடு சீக்கிரம் மொட்டையாகும். ஒவ்வொரு காலுக்கும் ஒருமுறை தீட்ட வேண்டியிருந்தது: 25 டிகிரி சாணை, நுனியில் மட்டும் 30 டிகிரி, 1000 எண் தீட்டுக்கல், பிறகு 6000. இழைக்கும்போது சுருளாக வராமல் தூளாக வந்தால் கையை நிறுத்தித் தீட்டுவதே மேல்.

கோடு போடுதல்

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை நம்புவதற்குமுன் ஒரு சோதனை. நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொன்று. இரண்டும் விலகினால், தெரியும் விலகல் மட்டத்தின் பிழையைப் போல் இரு மடங்கு.

பென்சில் கோடு அரை மி.மீ. கனம் வரும். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற குழப்பத்தில் இரண்டு தோளிலும் (நாக்கு தொடங்கும் இடத்தில் காலோடு முட்டும் சட்டத்தின் படி) சேர்ந்தால் ஒரு மி.மீ. போய்விடும். அதனால் தோள்கோடு கத்தியில்தான். ஜோடிச் சட்டங்கள் இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு ஒரே இழுப்பில் கீறியது. 230 என்பது 230.4 ஆனாலும் கவலையில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும். ஒன்று மாறினால் ஸ்டூல் கோணிக்கொள்ளும்.

மார்க்கிங் கேஜ் என்பது மரவிளிம்பை ஒட்டி ஓடும் ஒரு கட்டை, இணைகோடு கீற அதன் தண்டில் இரண்டு முள். அதை ஸ்கேலில் வைத்து அளக்கக் கூடாது. 6 மி.மீ. என்று எழுதியிருக்கும் உளி 6.2 இருக்கலாம். உளி நுனியையே இரண்டு முள்ளுக்கும் நடுவில் வைத்து அமைத்து, அதே அமைப்பில் துளைக்கும் நாக்குக்கும் முள்ளிடைவெளியை மாற்றாமல் கோடு. சட்டம் காலின் முகத்திலிருந்து 3 மி.மீ. உள்வாங்கி நிற்க வேண்டும் என்பதால், காலில் கீறும்போது கட்டையை மட்டும் 3 மி.மீ. தள்ளி வைத்தது.

துளை

கால் மேல்முனையில் 25 மி.மீ. அதிகமாக விட்டது வீணல்ல. துளை, காலின் இறுதி முனையிலிருந்து 15 மி.மீ. கீழேதான் தொடங்குகிறது, அந்த 25-ம் இல்லாவிட்டால் கொட்டும்போது முனை பிளந்துவிடும். மூட்டெல்லாம் ஒட்டி முடித்தபின் அறுத்தெறியலாம்.

காலை வேலைமேசையின் காலுக்கு நேர்மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நடுவில் வைத்தால் பலகை துள்ளும், அடியின் பாதி அங்கேயே போகும். 40 நீளத் துளையின் நடுவில் தொடங்கி, இரு முனையை நோக்கியும் 3 மி.மீ.க்கு ஓர் அடி. உளியின் தட்டையான முதுகு முனையைப் பார்க்க, சாய்ந்த முகம் நடுப்பள்ளத்தைப் பார்க்க வைத்தால் சில்லு பள்ளத்துக்குள் தானே விழும். ஆழம் 30, உளியில் அந்த அளவில் ஒரு டேப். இரு முனையிலும் 2 மி.மீ. கடைசிவரை தொடக் கூடாது. சில்லை நெம்பும்போது உளி சாய்வது அந்த விளிம்பில்தான். நசுங்கினால் வெளியே தெரியும். நெம்பல் முடிந்தபின் கோட்டில் நேராக ஒரே செதுக்கு.

மூன்றாவது துளை சாய்ந்தது. 30 ஆழத்துக்கு 1 மி.மீ.தான், கண்ணுக்குப் பட்டதே இல்லை. ஆனால் சட்டத்தைச் சொருகிப் பார்த்தபோது 230 தள்ளி இருந்த மறுமுனை எட்டு மி.மீ. அருகில் விலகி நின்றது. திருத்தம்: தப்பான சுவரில் அதே தேக்கில் மெல்லிய பட்டி ஒட்டி, மறுநாள் மறுபடி செதுக்கியது. சுவரை மட்டும் இன்னும் செதுக்கி நேராக்கினால் துளை அகலமாகிவிடும், நாக்கு ஆடும். இதற்குப் பிறகு காலின்மேல் சின்ன மூலைமட்டத்தை நிறுத்தி, உளியை அதற்கு இணையாகப் பிடித்தே அடித்தது. மீதி ஐந்தும் நேர்.

நாக்கு

ஒரே காலில் இரண்டு துளைகளும் உள்ளே சந்திக்கின்றன. அதனால் நாக்கு முனையை 45 டிகிரி சாய்த்து அறுக்க வேண்டும்: நீளப்பக்கம் 29, குட்டைப்பக்கம் 23. முழு 30-ம் விட்டால் நாக்குகள் இரண்டும் முட்டிக்கொண்டு தோள் உட்காராது. அந்த ஒரு மி.மீ. இடைவெளி பசைக்கும் இடம்.

ரம்பம் எப்போதும் கழிவுப் பக்கம், கோடு மரத்தில் மிச்சம் நிற்க வேண்டும். சட்டத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரு மூலையிலிருந்து இறக்கி, திருப்பி மறு மூலையிலிருந்து இறக்கினால் இரண்டு கோடும் கண்ணில் இருக்கும். தோளில், கத்திக் கோட்டை ஒட்டிக் கழிவுப் பக்கம் உளியால் சரிவாக ஒரு சீவல் எடுத்துவிட்டால் ரம்பம் அந்தப் பள்ளத்தில் தானாக உட்காரும், வழுக்காது.

பதம் பார்ப்பது இப்படி: முக்கால் பங்கு கையழுத்தத்தில் போக வேண்டும், மிச்சம் கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில். தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. ஓங்கி அடித்துத்தான் போகிறதென்றால் கால் பிளக்கும், உடனே இல்லாவிட்டாலும் பிறகு. எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் சீவக் கூடாது. உருவிப் பார்த்தால் இறுகிய இடம் பளபளப்பாக இருக்கும், அங்கே மட்டும் ஒரு சீவல். எட்டில் ஒன்று தளர்ந்துவிட்டது. இழைப்புச் சுருளையே நாக்கின் கன்னத்தில், அதாவது அகன்ற பக்கத்தில், ஒட்டி, காய்ந்ததும் கனத்தைச் சரிசெய்தால் போதும். பசையை அதிகம் ஊற்றி நிரப்பிவிடலாம் என்பது தப்புக்கணக்கு. வெள்ளைப் பசைக்கு இடைவெளியில் வலு கிடையாது.

ஒட்டுதல்

தேக்கின் எண்ணெய் பசையைத் தள்ளும். ஒட்டும் முகங்களை அசிட்டோன் துணியால் துடைத்து, ஆவியானதும் தாமதிக்காமல் பசை. துளைச் சுவரில் நன்றாக, நாக்கில் மெல்லிசாக. பசை இழுக்கும்முன் எட்டு மூட்டையும் இறுக்குவது நடக்காத காரியம். இரண்டு நீளப் பக்கங்களை முதலில் தனித்தனியே, 24 மணி நேரம் கழித்துக் குறுக்குச் சட்டங்கள். இறுக்கியதும் மூலைக்கு மூலை அளந்ததில் 2.5 மி.மீ. வித்தியாசம். கிளாம்பை நீளமான மூலையின் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்ததும் சரியானது. பசை பிடித்தபின் இதைச் செய்ய முடியாது.

மேல்பலகை

இதைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டினால் வெடிக்கும். பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை தேக்கு ஆண்டு வளையக் கோட்டின் வாக்கில் சுமார் 5.8 சதவீதம், அதற்குக் குறுக்கே 2.5 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினாலே 260 அகலம் 2 மி.மீ. நகரும். ஆகவே மரப் பொத்தான்கள்: சட்டத்தின் உள்முகத்தில் 30 நீளம், 6 அகலம், 8 ஆழத்தில் பள்ளம், அதில் பொத்தானின் நாக்கு, பொத்தான் பலகையோடு திருகில். நீளச் சட்டத்துப் பள்ளத்தில் நாக்குக்கு முன்னால் 2 மி.மீ. இடம். குறுக்குச் சட்டத்தில் பொத்தான் பக்கவாட்டில் நகர வேண்டும், அதனால் அதன் அகலம் 22 மட்டும். பொத்தானின் நார் நாக்கின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடிய ஒன்று திருகை இறுக்கும்போதே முறிந்தது.

இப்போதைய நிலை: கால் நுனி சமப்படுத்தி, 120, 180, 240 உப்புத்தாள் முடிந்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டாம் பூச்சு காய்கிறது. பூசி 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைக்காவிட்டால் பிசுபிசுப்பு போகாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டிருக்கிறது. மூன்றாவது பூச்சு நாளை.