கொரொலா 110: ஒக்சிஜன் சென்சரை மாற்றும் முன் சோதித்துப் பார்த்தவை

செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கிய நாட்களில் வண்டி லீற்றருக்கு 9 கிலோமீற்றர்தான் ஓடியது. முன்பெல்லாம் மட்டக்களப்பு ரவுணுக்குள் ஓடினாலே 12 தரும். 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரொலா 110, 5ஏ-எஃப்ஈ எஞ்சின். விசாரித்த இடங்களில் எல்லாம் ஒரே பதில்: "ஒக்சிஜன் சென்சர் போயிட்டுது தம்பி, மாத்தினாச் சரி." புகைக் குழாயில் இருந்துகொண்டு, புகையில் எவ்வளவு ஒக்சிஜன் என்று எஞ்சின் கொம்பியூட்டருக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சர். ஜப்பான் ஒறிஜினல் மலிவான சாமான் இல்லை. ரீகண்டிஷன் வாங்கினால் அது எத்தனை வருஷம் உழைத்தது என்று விற்பவருக்கே தெரியாது. அதனால் இருக்கிற சென்சர் உண்மையில் செத்துவிட்டதா என்று முதலில் பார்ப்போம் என்று இறங்கினேன்.

இந்த வயது டொயோட்டாவில் கோளாறுக் கோட் பார்க்க ஸ்கானர் தேவையில்லை. பொனட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் மூடியின் உட்பக்கத்தில் எந்தத் துளை எது என்று எழுதியிருக்கும். டீஈ1, ஈ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணினால் விளக்கு விட்டுவிட்டு மின்னும். எனக்கு இரண்டு மின்னல், ஓர் இடைவெளி, பிறகு ஒரு மின்னல். கோட் 21. இது ஒக்சிஜன் சென்சரைக் காட்டுகிறது என்றாலும், உள்ளே இருக்கும் ஹீற்றர், வயர், சொக்கெற் எதில் கோளாறு வந்தாலும் இதே கோட் வரலாம்.

சென்சர் ஏறக்குறைய 300 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அந்தச் சூட்டைச் சீக்கிரம் கொடுக்கத்தான் ஹீற்றர். என் வண்டியில் நான்கு வயர் சென்சர்: கறுப்பு இரண்டும் ஹீற்றர், நீலம் சிக்னல், வெள்ளை அதன் ஏர்த். எஞ்சின் நன்றாக ஆறியிருந்த காலை நேரத்தில் கறுப்பு இரண்டுக்கும் இடையே அளந்தேன். 13 ஓம். 20 பாகையில் 11 முதல் 16 வரை இருந்தால் சரி. எங்கள் ஊர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கூடக் காட்டினாலும் கவலையில்லை. ஆனால் சொக்கெற்றைக் கழற்றியபோது பின்களில் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று செப்பை விட்டுவைக்காது.

கொன்ராக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். கிரீஸ் பூசி அடைக்கச் சொன்னார்கள். அதை மட்டும் செய்யவில்லை. சென்சருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும். பல சென்சர்களில் அந்தக் காற்று வயரின் உறைக்குள்ளால்தான் போகிறது. இந்த வயர்களை ஈயம் வைத்து ஒட்டக் கூடாது என்பதும் அதனால்தான். ஈஎஃப்ஐ பியூஸைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துக் கோட்டை அழித்தேன். விளக்கு திரும்ப எரியவில்லை.

ஆனால் பெற்றோல் செலவு அப்படியே இருந்தது. பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் கரிக்கறுப்பு. அதாவது எஞ்சினுக்குள் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. சரி, சென்சர் என்ன சொல்கிறது? எஞ்சின் சூடான பிறகு, டிஜிற்றல் மீற்றரை நீல வயரில் பிடித்தேன். ஐடிலில், அதாவது அக்சிலறேற்றர் மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 0.1 வோல்ற், அதிலேயே நின்றது. காற்றும் பெற்றோலும் 14.7க்கு 1 என்ற அளவைச் சுற்றி நின்றால் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 0.1 என்றால் புகையில் ஒக்சிஜன் அதிகம், பெற்றோல் போதவில்லை என்று பொருள். பிளக் ஒன்று சொல்கிறது, சென்சர் நேர்மாறாகச் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் எனக்குப் பிடி கொடுத்தது.

சென்சருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, காற்றுக் குழாய்க்குள் காபரேற்றர் கிளீனரை ஒரு நொடி மட்டும் அடித்தேன். மீற்றர் சட்டென்று 0.86க்கு ஏறித் திரும்ப விழுந்தது. இப்படிப் பாய்கிற சென்சரைச் செத்தது என்று சொல்ல முடியாது. எங்கிருந்தோ வெளிக்காற்று புகையில் கலந்து அதன்மேல் படுகிறது. கல்முனைப் பக்கம் ஒரே சீராக ஓடினால் செலவு அவ்வளவு மோசமில்லை, ரவுணுக்குள்தான் குடிக்கிறது என்பதும் இதோடு பொருந்தியது. ஐடிலில் புகை விட்டுவிட்டுத் தள்ளும்போது நடுநடுவே அழுத்தம் குறையும். சைலன்சர்ப் பக்கம் சென்சருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் அந்த நேரம் வெளிக்காற்றை உறிஞ்சும். பெற்றோல் எவ்வளவு என்று சென்சருக்குத் தெரியாது. அது ஒக்சிஜனைத்தான் பார்க்கும். கொம்பியூட்டர் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகும்.

மறுநாள் காலை, திறந்த வளவில், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். உள்ளே அழுத்தம் ஏறிப் புகை ஓட்டையால் வெளியே வரட்டும் என்று, தம்பி பின்னால் ஈரச் சாக்கால் சைலன்சர் வாயைப் பாதி மறைத்துப் பிடித்தான். எங்கும் பெற்றோல் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, எரியும் நுளம்புச்சுருளை, எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸோஸ்ட் மனிபோல்ட் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை, ரைமிங் பெல்ட் பக்கத்து மூலைக்கு வந்ததும் துடித்துத் துடித்துச் சிதறியது. தகட்டு மறைப்பைக் கழற்றினால் அந்த இடத்தில், இடைவெளியை அடைக்கும் கஸ்கெட் ஓரமாக ஒரு கறுப்புக் கோடு. விரலால் தொட்டால் கரி.

கஸ்கெட் காத்தான்குடியில் கிடைத்தது. போல்ட் உடையாமல் கழற்ற, பழகிய கராஜ் பாஸ் ஒருவரைப் பிடித்தேன். சிலிக்கன் தடவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சிலிக்கன் ஆவி பட்டால் நல்ல சென்சரும் கெட்டுவிடும். பாஸ் ஒப்புக்கொண்டு, முகங்களை மட்டும் நன்றாகச் சுரண்டிப் பூட்டித் தந்தார்.

கடைசிச் சோதனைக்கு முள் மீற்றர். அதை நேராகச் சென்சரில் கொடுக்கக் கூடாது, சென்சரின் சொற்ப மின்சாரம் அதற்குப் போதாது. டீஈ1, ஈ1 இணைத்தபடியே இருக்க, அதே கறுப்புப் பெட்டியில் விஎஃப்1க்கும் ஈ1க்கும் இடையே பிடித்தேன். சென்சர் ஏறி இறங்குவது அங்கே முள்ளின் ஆட்டமாகத் தெரியும். எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் ஒன்றரை நிமிஷம் வைத்திருந்து எண்ண வேண்டும். 10 செக்கனில் முள் 8 தரமாவது ஆட வேண்டும் என்பது டொயோட்டாவின் கணக்கு. வேலைக்கு முன் நாலுதான் ஆடியது. இப்போது பத்து. அதே பழைய சென்சர்தான்.

இப்போது லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடுகிறது. மிச்சத்துக்கு, எஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை அதை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் தேர்மோஸ்ற்றற் மேல் எனக்குச் சந்தேகம். வெப்பமான ஊர் என்று அதைக் கழற்றி எறிவது இங்கே வழக்கம். என் வண்டியின் சூட்டு முள்ளும் மழை நாட்களில் கீழேயே கிடக்கிறது. தண்ணீர் சூடாகவில்லை என்றால் கொம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்காது. 82 பாகைத் தேர்மோஸ்ற்றற் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் போட்டு ஒரு ராங்க் ஓடி முடித்ததும் அந்தக் கணக்கையும் எழுதுகிறேன்.