ரோட் ஹில் வீட்டில் காணாமல் போன இரவு உடை

ஜூலை 3, வியாழன்

பழைய கொலை வழக்கு ஒன்றைப் படிக்க எடுத்திருக்கிறேன். குற்றவியல் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு எதில் பொழுது போகும்? வழக்கு நடந்தது 1860-ல். நம் இந்திய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே வருடம்தான். கொலைக் குற்றத்துக்கு அதன் 302-ஆம் பிரிவை, 302, 302 என்று எழுதியே தேய்ந்த கை இது. அதனால் அந்த வருடத்தைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்கார வீட்டு விவகாரம் போல ஓர் ஒட்டுதல்.

இடம் இங்கிலாந்தில் ரோட் என்ற கிராமம். வில்ட்ஷயரும் சாமர்செட்டும் சந்திக்கும் எல்லை. ஊருக்குச் சற்று எட்டி, தோட்டமும் மதிலுமாக மூன்று தளத்தில் நிற்கிறது ரோட் ஹில் வீடு. குடியிருப்பவர் சாமுவேல் கென்ட், தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசாங்கத் துணை ஆய்வாளர். ஜூன் 29 வெள்ளி இரவு எல்லாரும் படுத்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆயா எலிசபெத் காஃப் கண் விழித்தபோது கென்டின் மகன், ‘சாவில்’ என்ற பெயருள்ள குழந்தை, கட்டிலில் இல்லை. நான்கு வயதுகூட நிரம்பாத பையன். அம்மா தூக்கிப் போயிருப்பாள் என்று மறுபடி படுத்துவிட்டாள். பிறகு தேடியபோது, வேலைக்காரர்களுக்கான தோட்டத்துக் கழிப்பறையில் போர்வையோடு உடல் கிடைத்தது. கழுத்து அறுபட்டிருந்தது, மார்பிலும் ஒரு குத்து.

வரவேற்பறை ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. ஆனால் அதை உள்ளிருந்துதான் திறக்க முடியும்.

ஜூலை 5, சனி

இன்று முழுக்க வீட்டின் வரைபடத்தோடு கழிந்தது. எந்தத் தளத்தில் யார் படுத்தார்கள் என்று பார்த்தாலே குடும்பக் கதை பாதி வெளியே வந்துவிடுகிறது.

கென்டின் முதல் மனைவி மேரி ஆன். பத்துப் பிள்ளை பெற்றவள், பாதிப் பேர் பிழைக்கவில்லை. அவளுக்குச் சித்தம் சரியில்லை என்று கணவர் சொல்லிவந்தார். பெண்களுக்குப் பாடம் சொல்ல வந்த மேரி பிராட், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். 1852-ல் மனைவி இறந்தாள். மறு வருடம் கென்ட் பிராட்டை மணந்துகொண்டார். இந்தக் கிசுகிசு போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே வந்ததால்தான் குடும்பம் வீடு வீடாக மாறியது என்கிறார்கள். அத்தனை பெரிய வீடும் வாடகை வீடுதான். வெளியே பார்க்கப் பெரிய மனுஷன், உள்ளே சம்பளத்துக்கு மீறிய செலவு.

கொலை நடந்த இரவு நடுத்தளத்தில் கென்ட், இரண்டாம் மனைவி, இறந்த பையன் உட்பட அவள் பெற்ற மூன்று குழந்தைகள், ஆயா. மேல் தளத்தில் முதல் தாரத்துப் பிள்ளைகள் நான்கு பேர். அதே தளத்தில்தான் சமையல்காரியும் வேலைக்காரியும். மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பதைச் சொல்ல சாட்சியம் எதற்கு, மாடிப்படியே போதும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள். கான்ஸ்டன்ஸுக்குப் பன்னிரண்டு வயது, தம்பி வில்லியமுக்குப் பதினொன்று. அவள் தலைமுடியை வெட்டி, தம்பியின் உடையைப் போட்டுக்கொண்டு பையன் வேடத்தில் பாத் நகரம் வரை நடந்து போய்ப் பிடிபட்டாள். வெட்டிய முடியையும் கழற்றிய உடையையும் அவள் போட்டுவிட்டுப் போன இடம், பின்னாளில் குழந்தையின் உடல் கிடைத்த அதே கழிப்பறை.

ஜூலை 6, ஞாயிறு

கொலைக்கு அடுத்த இரவு கென்ட் இரண்டு போலீஸ்காரர்களைச் சமையலறையில் உட்கார வைத்து, வெளியே தாழ் போட்டுவிட்டார். நள்ளிரவு தாண்டி ஒருவர் வெளியே போகப் பார்த்தபோதுதான் அடைபட்டிருப்பதே தெரிந்தது. காவலுக்கு வந்தவர்களையே பூட்டி வைத்திருக்கிறார்! அத்தனை நேரம் வீட்டுக்குள் யாரும் எங்கும் போய் எதையும் செய்திருக்கலாம்.

இதோடு போகவில்லை. முதல் நாள் சோதனையிலேயே கொதிகலன் அடுப்பில் திணித்திருந்த ரத்தக்கறை படிந்த பெண் உள்ளாடை ஒன்று போலீஸ் கையில் கிடைத்திருக்கிறது. மாதவிடாய்க் கறை என்று நினைத்துக் கூச்சப்பட்டு, கண்காணிப்பாளர் ஃபோலி அதை வெளியே சொல்லாமல் விட்டுவிட்டார். மாதங்கள் கழித்துத்தான் விஷயம் அம்பலமானது. நான் கட்டிய கேஸ் கட்டுகளில் மோசமான மகசர், அதாவது கைப்பற்றிய பொருளுக்குப் போலீஸ் எழுதும் பதிவு, எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் எழுதாமலே விட்ட மகசர் இதுதான் முதல்.

ஜூலை 9, புதன்

இன்றுதான் துப்பறிவாளர் வருகிறார், எனக்கும் சுவாரசியம் பிடித்தது. ஜாக் விச்சர். தோட்டக்காரர் மகன். 1842-ல் லண்டன் போலீஸின் ஸ்காட்லாந்து யார்டில் முதன்முதலாகத் துப்பறியும் பிரிவு என்று ஒன்று தொடங்கியபோது அதில் சேர்ந்த எட்டுப் பேரில் ஒருவர். கொலை நடந்து இரண்டு வாரம் கழித்து, ஜூலை 15-ல் ரோட் வந்து சேர்ந்தார். தடயமெல்லாம் அழிந்துவிட்ட நேரம். உள்ளூர் போலீஸுக்கோ லண்டன்காரரைக் கண்டாலே எரிச்சல்.

அவர் துணிக் கணக்கைப் பிடித்தார். கான்ஸ்டன்ஸின் உடைப் பட்டியலில் இரவு உடை மூன்று. கையில் இருப்பவை இரண்டு. மூன்றாவது எங்கே? வெளுக்கப் போட்டதில் தொலைந்தது என்றாள்.

வேலைக்காரி சாரா காக்ஸ் சொன்னது இது. ஜூலை 2 திங்கட்கிழமை, அழுக்குத் துணிகளை எண்ணி, சீட்டு எழுதிக் கூடையில் வைக்கிறாள். கான்ஸ்டன்ஸ் வந்து, உள்பாவாடைப் பையில் என் பணப்பை இருக்கிறதா பார் என்கிறாள். இல்லை. சரி, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வா என்கிறாள். காக்ஸ் கீழே போய் உடனே திரும்பிவிடுகிறாள். கூடை வெளுப்பவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சீட்டில் இருக்கும் இரவு உடை கூடையில் இல்லை.

விச்சர் போட்ட கணக்கு: ரத்தம் பட்ட உடை முன்பே அழிந்தாயிற்று. அதை ஈடுகட்ட, சீட்டில் ஏறிய கறையில்லாத உடையைத் தண்ணீர் வருவதற்குள் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். இனி எண்ணிக்கை குறைந்தால் பழி வெளுப்பவள் தலையில். ஏழைப் பெண் திருடினாள் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்?

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு காபி குடித்தேன். பதினாறு வயதுப் பெண்ணின் மூளை அது.

எங்கள் பழைய பெஞ்ச் கிளார்க் ஒருவர், பொருள் குறைந்தால் பொருளைத் தேடாதே, பட்டியல் எழுதினபிறகு யார் கை பட்டது என்று கேள் என்பார். விச்சரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்.

ஜூலை 10, வியாழன்

ஜூலை 20-ல் கான்ஸ்டன்ஸ் கைது, 27-ல் விசாரணை. ஊர் மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. கையில் கத்தி இல்லை, கறை இல்லை, இல்லாத ஓர் உடைதான் ஆதாரம். பள்ளித் தோழிகள் வந்து, சின்னம்மா வீட்டுக் குழந்தைகள் மேல் அவளுக்குப் பொறாமை இருந்தது என்றார்கள். அவளுடைய வக்கீல் எழுந்து, கௌரவமான வீட்டுப் பெண்ணை இப்படி இழுத்து வந்தது அநியாயம் என்று வெளுத்து வாங்கினார். மண்டபம் கைதட்டியது. தந்தையின் 200 பவுண்டு பிணையில் அவள் வீட்டுக்குப் போனாள்.

மாஜிஸ்திரேட்டுகளை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆதாரத்தை வைத்துத் தண்டித்திருக்கவும் கூடாது. எனக்குக் கோபம் வேறு. அதே ஆண்டு ஆயா காஃபையும் பிடித்து நிறுத்தினார்கள், ஆதாரமில்லாமல் அவளையும் விட்டார்கள். அவளுக்காக யாரும் கொதிக்கவில்லை. எஜமானும் ஆயாவும் கூடியிருந்ததைக் குழந்தை பார்த்துவிட்டது, அதனால் கொன்றார்கள் என்று ஊரே பேசியது. வேலைக்காரியைப் பற்றி எதையும் சொல்லலாம். ‘மிஸ்’ கான்ஸ்டன்ஸ் பற்றி விச்சர் சொன்னது மட்டும் அநாகரிகமாகிவிட்டது. பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. உடல்நலம் கெட்டு, 1864-ல் வேலையிலிருந்து விலகினார்.

ஜூலை 14, திங்கள்

மின்வெட்டு, இரண்டு பக்கம்தான் படிக்க முடிந்தது. ஆனால் அந்த இரண்டு பக்கம்!

1865 ஏப்ரல் 25. லண்டன் போ ஸ்ட்ரீட் மாஜிஸ்திரேட் முன்னால் கருப்பு உடையில் ஓர் இளம்பெண், கூடவே பிரைட்டனிலிருந்து வாக்னர் என்ற பாதிரியார். நான்தான், தனியாகச் செய்தேன், யாருடைய உதவியும் இல்லை என்கிறாள் கான்ஸ்டன்ஸ். சால்ஸ்பரியில் தூக்குத் தண்டனை விதித்தபோது நீதிபதிக்கே குரல் உடைந்ததாம். பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். இருபது வருடம் உள்ளே இருந்தாள்.

இரவு உடை? கறையைக் கழுவிப் பார்த்து, பிறகு எரித்துவிட்டதாக அவளே சொல்லியிருக்கிறாள். விச்சரின் துணிக் கணக்கு சரியாகவே இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஆனாலும் அந்த வாக்குமூலம் எனக்கு நிறைவாக இல்லை. அப்பாவின் சவரக்கத்தியால் செய்தேன் என்கிறாள். மார்பில் இருந்த குத்து சவரக்கத்தியால் விழக்கூடியதா என்று அன்றே கேட்டார்கள். தூங்கும் குழந்தையை ஒரு கையில் தூக்கி, போர்வையை உருவி, படுக்கையைச் சரிசெய்து, இருட்டில் ஜன்னலைத் திறந்து, எல்லாம் ஒருத்தியாகவா? வில்லியமுக்கும் பங்கு உண்டென்றே விச்சர் சந்தேகித்தார். தனியாகத்தான் செய்தேன் என்று அவள் அத்தனை அழுத்திச் சொன்னது தம்பிக்காக இருக்கலாம். கோர்ட்டில் நிற்காது, ஆனால் என் கணிப்பு அதுதான்.

வில்லியம் கடல் உயிரினங்களை ஆராயும் விஞ்ஞானியானார். ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பவளப்பாறைகள் பற்றிப் புகைப்படங்களோடு 1893-ல் பெரிய நூல் வெளியிட்டார். விடுதலையான அக்காவும் 1886-ல் ஆஸ்திரேலியா போனாள். ரூத் எமிலி கே என்ற பெயரில் நர்ஸாக வேலை பார்த்து, 1944-ல் நூறு வயதில் இறந்தாள். அந்த நர்ஸ் யார் என்பது அவள் போன பிறகு பல காலம் கழித்துத்தான் வெளியே வந்தது.

ஜூலை 18, வெள்ளி

விச்சர் என்ன ஆனார் என்று தேடினேன். மனுஷன் முடங்கிவிடவில்லை. தனியார் துப்பறிவாளராக, இன்னொரு பணக்காரக் குடும்பத்தின் வழக்கில் இறங்கியிருக்கிறார். 1854-ல் கப்பலோடு காணாமல் போன டிச்போர்ன் வாரிசு நான்தான் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவன் வந்து நின்ற வழக்கு. அவன் 1866 கிறிஸ்துமஸ் இரவு லண்டனில் வாப்பிங் பகுதிக்குப் போய், ஆர்டன் என்ற கசாப்புக்காரர் குடும்பத்தை விசாரித்தான் என்று கண்டுபிடித்தவர் விச்சர்தான். பிரபு வீட்டுப் பிள்ளைக்குக் கசாப்புக்கடைக்காரர் வீட்டில் என்ன வேலை? 1874-ல் பதினான்கு வருடத் தண்டனையோடு அவன் உள்ளே போனான்.

அந்த வழக்கின் விசாரணை மட்டும் மாதக்கணக்கில் நீண்டிருக்கிறது. நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள்.