கொப்புளத்தில் கோத்த நூல்

நேற்று திருமலை ஏறி முடித்தாயிற்று. நகரியிலிருந்து புத்தூர், வடமாலப்பேட்டை வழியாக இரண்டரை நாள் நடை, கடைசியில் அலிபிரியின் 3,550 படிகள். பெருமாளைப் பார்த்தது சில நொடிதான், அதற்குள் 'ஜருகண்டி'.

புத்தூர் தாண்டியதும் குதிகாலில் கொப்புளம். கூட வந்த விசைத்தறி அண்ணன் ஊசியில் நூல் கோத்து, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டார். "நீர் தானா வடிஞ்சிடும்மா, தோலைப் பிய்ச்சிடாத." (டாக்டர் கேட்டால் திட்டுவார்.)

முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்தான படிகளில் உட்கார்ந்தே விட்டேன். பேர்கூடத் தெரியாத சித்தூர் பாட்டி ஒருத்தி என் பையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பைக்காகவே எழுந்து நடந்தேன்.

மேலே எங்கள் ஆட்களிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே நான் வைக்காத இரண்டு கமர்கட்டு.