சூனியக்காரிக்கு ஒரு விஞ்சையன்: என் முதல் நாவலை முடித்த அனுபவம்

என் நாவலின் முதல் வரைவில் பனி பெய்தது. ஓக் மரக் காடு, கூரான தொப்பி போட்ட சூனியக்காரி, கண்ணாடிச் சிறகோடு ஒரு தேவதை இளவரசன். 2021இல், வெளியே போக முடியாத மாதங்களில், ராத்திரி பத்து மணிக்கு மேல் போனிலேயே தட்டித் தட்டிப் பதினோரு அத்தியாயம் எழுதினேன். மாயமும் காதலும் கலந்த கதை என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். என் மொழியில் அப்படி ஒன்றை எழுதியே தீர வேண்டும் என்ற ஆசை.

பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அவனும் அவளும் முதல்முறையாக மனம்விட்டுப் பேச வேண்டும். மூன்று வாரம் முயன்றேன். எழுதியதை வாய்விட்டுப் படித்தால் டப்பிங் படம் கேட்கிற மாதிரி இருந்தது.

என் அத்தை செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பங்காளிகள் எல்லாரும் வெளியூரில். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் முகப்புக் கதவு முழுசாகத் திறக்கும். மற்ற நாளில் அத்தைதான் விளக்கேற்றி, வளவு என்கிற நடுமுற்றத்தைக் கூட்டி, சுற்றியுள்ள அறைகளை முறை வைத்துத் திறந்து காற்றாட விடுவார். ஒருநாள் கூடமாட ஒத்தாசைக்குப் போனபோது, கூட்டி முடித்துத் தூணோரம் உட்கார்ந்து கதையைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏத்தா, இந்தப் பிள்ளை ராத்திரிக்கு என்னத்தா சாப்பிடுவா?"

பதில் தெரியவில்லை. பதினோரு அத்தியாயம் கூடவே இருந்தும், அவள் என்ன சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே பனியையும் காட்டையும் விட்டுவிட்டேன்.

அப்புறம் சிக்கியது சொல். சூனியக்காரி என்பது நம் ஊரில் கதைச்சொல் மட்டும் இல்லை. ஆண் துணையில்லாமல் தனியாக இருக்கும் பெண், நாலு பச்சிலை தெரிந்த கிழவி, இவர்கள் மேல் எறிகிற கல் அது. விளையாட்டாக எழுத மனசு வரவில்லை. தேவதை என்ற சொல்லில் வேறு சிக்கல். அது பெண்ணையே குறிக்கிறது. என் கதையில் வானத்திலிருந்து வருபவன் ஆண். தேவன் என்றால் சாமியாகிவிடுவான், கந்தர்வன் என்றால் கையில் வீணை வந்துவிடும்.

வழி காட்டியது மணிமேகலை. அதில் காயசண்டிகை என்று ஒரு விஞ்சையர் பெண் வருகிறாள். விஞ்சையர் என்றால் வித்யாதரர், வானில் உலவும் தேவ இனத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு கனி தரும் நாவல் மரத்தின் பழத்தை, முனிவர் உண்ண வைத்திருந்ததை, செருக்கோடு காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வருஷம் யானைத்தீ என்னும் அடங்காப் பசியில் வாட வேண்டும் என்று சாபம். வானில் செல்லும் மந்திரமும் மறந்துபோகிறது. விஞ்சையர்க்குப் பறக்கச் சிறகு வேண்டாம், மந்திரம் போதும். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மந்திரத்தை மறந்து மண்ணில் நிற்கும் ஒரு விஞ்சையன்! பசியும் அவனுக்குத்தான். அவனுக்குச் சோறு போடுகிறவள் என் நாயகி. அத்தை கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது: அவள் பழையதும் சுண்டவைத்த குழம்பும் சாப்பிடுவாள், அவனுக்கும் அதுதான்.

அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதைக் குறள் தீர்த்து வைத்தது. காமத்துப்பாலின் முதல் குறளிலேயே, 1081இல், எதிரே நிற்பவள் அணங்கா, மயிலா, மனுஷிதானா என்று காதலன் மயங்குகிறான். அணங்கு என்றால் அழகு, வருத்தம், தெய்வம், எல்லாம் உண்டு. ஊர் அவளைச் சூனியக்காரி என்கிறது. அவன் மட்டும் அணங்கே என்று கூப்பிடுகிறான். இது கிடைத்த பிறகு பன்னிரண்டாவது அத்தியாயத்தை ஒரே ராத்திரியில் எழுதினேன். அதில் யாரும் யாரிடமும் காதலிக்கிறேன் என்று சொல்வதில்லை.

கதை நடக்கும் இடமும், அத்தை பார்த்துக்கொள்வது மாதிரியான ஒரு பெரிய வீட்டுக்கு மாறியது. அப்படிப்பட்ட வீடுகளின் தரைக்கு ஆத்தங்குடியில் பூக்கல் போடும் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் நிறம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் இழுத்துச் சமன் செய்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்து கண்ணாடி பிரியும்போது பார்த்தால், கல்லின் முகம் அந்தக் கண்ணாடி மாதிரியே வழுவழுவென்று இருக்கிறது. பூவைப் போடுகிறவர் கல்லின் முதுகுப்பக்கம் இருந்தே வேலை செய்கிறார். அவன் மறந்த மந்திரத்தின் எழுத்துகளை அந்த வீட்டுத் தரைக் கற்களுக்குள் ஒளித்து வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்துக் கொடுப்பவள் அவள். கடைசி எழுத்தும் கிடைத்தால் அவன் போய்விடுவான். மாயக் காதல் கதையில் மாயம் காதலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும் என்று நம்புகிறேன். சும்மா ஒளி வீசி மறைகிற மந்திரம் அலங்காரம்தான்.

முழுசாக எழுதி முடிக்க இன்னும் பதினாறு மாதம். திருத்த ஐந்து மாதம். பெரும்பாலும் ஒற்றுப் பிழைகள்.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நாலு மாதம் கழித்து, அச்சுச் செலவில் பாதியை நான் தந்தால் போடுவதாகச் சொன்னார்கள். படித்தீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மனசு ரொம்பவே உடைந்த வாரம் அது. பிறகு கிண்டிலில் நானே போட்டேன். யூனிகோடில் எழுதியிருந்தால் வேர்டு கோப்பை அப்படியே ஏற்றலாம். பழைய எழுத்துருவில் வைத்திருப்பவர்கள் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கிண்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். அது 90 நாள் ஒப்பந்தம், சேர்ந்தால் அந்த நாள் முழுக்க மின்னூலை வேறு எங்கும் போடக்கூடாது. தொடராக எங்காவது வெளியிட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அச்சில் கொண்டுவர ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் வேண்டுமா? நம் நாட்டில் அரசு நிறுவனமே இலவசமாகத் தருகிறது, அதற்கென்று யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

அட்டைக்கு வந்த முதல் படத்தில் மறுபடியும் கூரான தொப்பி. வரைந்த தம்பிக்குக் கானாடுகாத்தான் வளவுத் தூண்களைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டாவது படத்தில் கண்டாங்கிச் சேலையில், இடுப்பில் சாவிக்கொத்தோடு அவள் நின்றாள். பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அத்தைக்குக் கிண்டில் எல்லாம் தெரியாது. முழுசையும் கடையில் பிரிண்ட் எடுத்து, நூல் கோத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படிக்கிறார். இப்போது முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறார். நேற்று போனில், "அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுத்தா" என்றார்.