படிவத்தில் அண்ணாவின் விலாசம்

கனடா பி.ஆருக்கு, அதாவது அங்கே நிரந்தரமாக இருக்கும் அனுமதிக்கு, விண்ணப்பம் அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. போன கிழமைதான் மெடிக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அது எப்படியோ ஒழுங்கை முழுக்கத் தெரிந்துபோய், கோயிலில் கண்டாலும் கடையில் கண்டாலும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: எந்த ஏஜென்சி, எவ்வளவு முடிஞ்சது, என்னென்ன குடுத்தனீர்? ஏஜென்சி இல்லை, நானே நிரப்பினேன் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. சரி, ஒருமுறை எழுதியே விடுவோம் என்று இருந்தேன். ஆனால் எழுத இருந்தால் மற்றப் படிவம் எல்லாம் பின்னுக்குப் போய் ஒன்றே ஒன்றுதான் முன்னுக்கு வந்து நிற்கிறது. மற்றவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

கணவர் ஸ்காபரோவில் இருக்கிறார், கனடாக் குடியுரிமை உள்ளவர். நான் கொக்குவிலில் அம்மாவோடு. 2023 இல் எங்களுக்கு எழுத்து, அதாவது திருமணப் பதிவு, நடந்தது, ஒரு மாதம் கழித்துத் தாலிகட்டு. ஆகவே என்னுடையது கணவர் மனைவியை ஸ்பொன்சர் செய்யும் விண்ணப்பம். இதற்கு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலச் சோதனை தேவையில்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. அதெல்லாம் தொழில் தகுதியை வைத்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போகிறவர்களுக்கு. மனைவியை மட்டும் கூப்பிடும்போது ஸ்பொன்சர் செய்கிறவருக்கு இவ்வளவு வருமானம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத் தொகையும் பொதுவாக இல்லை, இதை எத்தனையோ பேர் பிழையாகச் சொல்லித் திரிகிறார்கள். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மட்டும் நடைமுறை வேறு. ஸ்பொன்சர் செய்கிறவர் அரசாங்க உதவிப் பணத்தில் இருக்கக் கூடாது, உடல் இயலாமைக்காக வாங்கினால் பரவாயில்லை. நான் பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 வருடத்துக்கு என் செலவுக்குத் தான் பொறுப்பு என்று கையெழுத்தும் வைக்க வேண்டும். கைரேகைக்கு 85 கனடா டொலர். மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும், அதனால் அவர்கள் கேட்காமல் முன்கூட்டியே செய்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

திருமணம் உண்மையானது என்று காட்டுவது எனக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை. வட்ஸ்அப், பணம் அனுப்பிய துண்டுகள், அவர் வந்துபோன விமான ரிக்கற், அல்பம். பொன்னுருக்குப் படத்துக்குக் கீழே மட்டும் அது என்ன சடங்கு என்று இரண்டு வரி எழுதினேன், பார்க்கிற அதிகாரிக்கு ஏன் ஒரு ஆசாரி எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து தங்கம் உருக்குகிறார் என்று விளங்க வேண்டாமா.

அலைக்கழித்தது பெயர். அப்பாவின் பெயரில் ஒரு ழ இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் அங்கே ஒரு தொந்தரவும் இல்லை. பாஸ்போட்டில் அந்த ழவுக்கு இசட் எச். ஓ.எல். சான்றிதழில் எல். மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டில் இரண்டு எல் போட்டுவிட்டார். மூன்று பேருமே நான்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கையெழுத்து வாங்கவே ஒரு கிழமை போனது. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போட் போட்டோகொப்பியையும் சேர்த்துக் கொடுத்து, இதில் இருக்கிற மாதிரியே போடுங்கோ என்று சொல்லுங்கள். அந்த ஒரு கிழமை உங்களுக்கு மிச்சம்.

விலாசங்களைக் கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. கடந்த 10 வருடம், மாதக் கணக்கோடு, நடுவில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. எனக்கு ஒரே வரியில் முடிந்தது, 10 வருடமாக இதே வீடு. அதற்கு முந்தியதைக் கேட்டிருந்தால் தாள் போதாது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டபோது எனக்கு ஐந்து வயது. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை எட்டு வயது அண்ணா ஒரு கையில் அரிக்கன் லாம்பும் மற்றக் கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தச் சனத்துக்குள் லாம்பு அணைந்த பிறகும் அதை அவன் கீழே போடவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு கிளாலியால் படகு, கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, அதற்குப் பிறகு விலாசம் என்று சொல்ல எதுவும் இல்லாத இடங்கள், கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு கூடார இலக்கம். 2010 இல் திரும்பிக் கொக்குவிலுக்கு வந்தது அப்பா, அம்மா, நான், மூன்று பேர்.

இனி அந்தப் படிவம். ஐஎம்எம் 5406, குடும்ப விபரம். தாய், தகப்பன், துணை, பிள்ளைகள், சகோதரங்கள் என்று எல்லாரையும் எழுத வேண்டும். பெயர், பிறந்த திகதி, திருமண நிலை, தொழில், தற்போதைய விலாசம். காலமானவர் என்றால் விலாசத்துக்குப் பதிலாக எந்த ஊர், எந்தத் திகதி. அப்பாவின் வரி ஒரு நிமிடம் எடுக்கவில்லை. யாழ்ப்பாணம், 2016. மரணச் சான்றிதழ் அலுமாரியில் இருக்கிறது.

அண்ணாவை நாங்கள் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், சண்டை முடியும் நேரம், வட்டுவாகலில். 22 வயது. புதுக்குடியிருப்பில் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்தவன். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்றவன், அந்தப் பக்கம் வந்து பார்த்தால் இல்லை. இதற்கு மேல் எனக்கு இங்கே எழுத ஏலாது. படிவம் கேட்பதும் அதை இல்லை. அது கேட்பது, அண்ணா இப்போது எங்கே இருக்கிறார், அல்லது எப்போது எங்கே காலமானார். இரண்டு பெட்டிதான். எங்களிடம் இரண்டுக்கும் பதில் இல்லை.

அந்த இடத்தில் நான் மூன்று கிழமை நின்றுவிட்டேன். கணினியைத் திறப்பேன், அந்த வரி வரும், மூடிவிடுவேன். கடைசியில், காசு போனாலும் பரவாயில்லை என்று ரவுணில் விசா அலுவல் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். இரண்டு நிமிடம் பார்த்தார்.

"தங்கச்சி, காலமானவர் எண்டு போடும். இல்லாட்டி பேரையே விடும். 2009, வன்னி எண்டு கண்டா தோண்டத் தொடங்குவினம், ஃபைல் வருசக்கணக்கில கிடக்கும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அலுவல் சுகமாக முடிய வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் சொன்ன இரண்டுமே பிழை, இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையை மறைத்தோ மாற்றியோ எழுதியதாகக் கண்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், அதோடு 5 வருடத்துக்குக் கனடாவுக்குள் போக முடியாத தடை விழும். கையெழுத்து வைப்பது நீங்கள், சொல்லித் தந்தவர் இல்லை. காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக இந்த விண்ணப்பத்தைக் கையாளுகிறவர் கனடாவில் பதிவு பெற்ற ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும், அவருடைய பெயரைத் தனிப் படிவத்தில் அறிவிக்கவும் வேண்டும். ரவுணில் போர்ட் மாட்டியிருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பெயரை அப்படி எழுத விடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தை விடுங்கள். சட்டமே இல்லாவிட்டாலும் நான் அதை எழுதியிருக்க மாட்டேன். அம்மா மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. எத்தனையோ பேர் வந்து சொன்னார்கள், எடுத்தால் நட்டஈடு கிடைக்கும், அலுவல்கள் முடியும் என்று. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆளைக் காணவில்லை என்று பதியும் சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம் என்று ஆக்கியபோதுகூட அம்மா அசையவில்லை. "காணேல்லை எண்டு நான்தானே அவைக்குச் சொன்னனான், அவை எனக்குச் சொல்லுறதே?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார். அப்படிப்பட்டவருடைய மகன் செத்துவிட்டான் என்று நான், அதுவும் நான் கனடா போவதற்காக, ஒரு தாளில் எழுதுவதா?

ஆனால் பயம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. உண்மையை எழுதினால் அவர் சொன்ன மாதிரி வருடக்கணக்கில் கிடந்துவிடுமோ, இவர் அங்கே தனியே, நான் இங்கே என்று எத்தனை நாள் இழுபடும் என்று இரண்டு இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் காலை அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, தம்பியின்ர பேரைப் போட்டனியே?"

"பேர் போட்டாச்சம்மா. விலாசம்தான்."

"அதுக்கென்ன, எங்கட விலாசத்தைப் போடன். அவனுக்கு வேற எங்க வீடு?"

அம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. நான் அந்தப் பெட்டியில் எங்கள் விலாசத்தைப் போடவில்லை. அவன் இப்போது இங்கே இல்லை, அப்படி எழுதுவதும் பொய்தான். தெரியாது, காணாமல் போனவர், விளக்கக் கடிதத்தைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடிதத்தில்தான் அம்மா சொன்னதை எழுதினேன்: அவருக்கு எங்கள் வீட்டைத் தவிர வேறு நிரந்தர விலாசம் இல்லை என்று.

கடிதம் ஒரு பக்கம் வரவில்லை. அண்ணாவின் முழுப்பெயர், பிறந்த திகதி, என்ன வேலை செய்தார், எங்கே எந்த மாதம் கடைசியாகக் கண்டோம். யார் யாரிடம் முறையிட்டோம். மரணம் எங்கும் பதியப்படவில்லை, இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை, அம்மா இன்னும் தேடுகிறார், ஏதும் தெரியவந்தால் அறிவிப்போம். அவ்வளவுதான். அழுகையும் எழுதவில்லை, அரசியலும் எழுதவில்லை. இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, கடிதம் கட்டையாக இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பேப்பர் இருக்கட்டும்.

பேப்பர் அம்மாவிடம் இருந்தது. நீலப் பிளாஸ்ரிக் ஃபைல் ஒன்று, மூலைகள் வெடித்து செலோரேப் ஒட்டியது. ஐசிஆர்சியில், அதாவது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவில், பதிந்த இலக்கம், மனித உரிமை ஆணைக்குழு, பொலிஸ் முறைப்பாடு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க 2013 இல் நியமித்த பரணகம ஆணைக்குழுவுக்குப் போனபோது கொடுத்த துண்டு, காணாமல் போனோர் அலுவலகத்தின் கடிதம். எல்லாம் திகதி வரிசையில். நான் கேட்டு முடிக்க முதல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இத்தனை வருடம் இந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வெயிலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன், உள்ளே இருப்பதை வரி வரியாக வாசித்தது அன்றைக்குத்தான்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இதுவரை அண்ணாவைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கைரேகைக்குக் கூப்பிட்டார்கள், கொழும்பு போய்க் கொடுத்தேன். இப்போது மெடிக்கல், வருகிற புதன் இரவு பஸ்ஸில் போகிறேன். இனிக் கேட்டாலும் கேட்கட்டும், எழுதியதைத்தான் சொல்வேன். பி.ஆர். கிடைத்தால் 5 வருடத்தில் 730 நாள் அங்கே நிற்க வேண்டும். மிச்ச நாளில் எத்தனையை இங்கே வந்து கழிக்கலாம் என்று இப்பவே கணக்குப் பார்க்கிறேன். அம்மாவைப் பெற்றோருக்கான சுப்பர் விசாவில் கூப்பிடலாம், ஒரு தரத்தில் 5 வருடம்வரை நிற்கலாம் என்று இவர் சொல்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார், அந்தப் பாப்பத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் படிவத்தில் பெயர்களை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதாது, அவரவர் தாய்மொழி எழுத்திலும் எழுத வேண்டும். கணினியில் தமிழ் எழுத்துப் பெட்டி பெட்டியாக உடைந்து வந்தது. அதனால் அந்தப் பக்கத்தை அச்சிட்டுப் பேனையால் எழுதினேன், எப்படியும் கையெழுத்து வைத்து ஸ்கான் பண்ணத்தானே வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இத்தனை நாளும் நான் என்ன எழுதுகிறேன் என்று சொல்லித்தான் தெரியும். அந்தப் பக்கத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் பெயரும் அண்ணாவின் பெயருமாக இருந்த அந்த வரியில் விரலை வைத்தார். கனநேரம் எடுக்கவில்லை.

"ழானா வடிவா விழேல்லைப் பிள்ளை. லானா மாதிரிக் கிடக்கு. திருப்பி எழுது."

திரும்ப அச்சிட்டு, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல எழுதினேன். அதுதான் கனடா போனது. பிழைத்த பக்கத்தைக் கிழிக்கப் போனபோது கையிலிருந்து வாங்கி, நீல ஃபைலில் காணாமல் போனோர் அலுவலகக் கடிதத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.