அம்மாவின் வேண்டுதலும் ஒற்றியூர்ப் பௌர்ணமியும்

"நீயும் அண்ணனும் ஒருமுறை பட்டினத்தார் சமாதியில் சேர்ந்து விளக்கேற்றவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று அம்மா சொன்னபோது அவர் படுக்கையில் இருந்தார். தண்டையார்ப்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டுக்காக, படித்துப் பார்க்கக்கூட விடாமல், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கி 7 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அம்மாவின் காரியத்திலும் பேசவில்லை. ஆகவே சென்ற பௌர்ணமியன்று நான் தனியாகவே திருவொற்றியூருக்குப் புறப்பட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமையும் சேர்ந்துவிட்டதால், மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கப்படி, காலையில் மேலூர் திருவுடையம்மனைத் தரிசித்துவிட்டு வந்தவர்களும் மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மனுக்குச் செல்லவிருந்தவர்களுமாக வடிவுடையம்மன் சந்நிதித் தெரு நிரம்பியிருந்தது. வரிசை இல்லாமல் அழைத்துப் போவதாகக் கையைப் பிடித்து இழுப்பவர்களையும், செருப்பை விடவேண்டுமானால் அர்ச்சனைத் தட்டு வாங்கியே ஆகவேண்டும் என்பவர்களையும் நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அம்பாளைப் பார்க்க வருகிறவர்களிடம் இப்படி நடக்கலாமா? அதைவிட வருத்தம், நின்ற இரண்டு மணி நேரமும் நான் அம்மன் பெயரைச் சொல்லாமல், இரவில் தூக்கம் வராதபோது செய்வதைப் போலவே, மனத்துக்குள் அண்ணனோடு வழக்காடிக்கொண்டிருந்ததுதான். ஒவ்வொரு முறையும் நானே வென்றேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்தது.

தாயை ஒரு நொடி பார்த்தேன். மகிழமரத்தடியில், பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைத் தவறிக் கண்ணிழந்த சுந்தரரை நினைத்துக்கொண்டேன். அவருக்கே பார்வை ஒரே நாளில் திரும்பவில்லையே. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் அல்லவா கிடைத்தன!

கன்டெய்னர் லாரிகள் இடைவெளியில்லாமல் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்டிச் சமாதிக்குள் நுழைந்தபோது, கடலோசை கேட்குமளவுக்கு அங்கே அமைதி இருந்தது. உடன்பிறந்த அக்காளே நஞ்சு வைத்த அப்பத்தைக் கொடுத்தாள் என்ற துயரத்தைச் சுமந்த பட்டினத்தார், கசக்கும் பேய்க்கரும்பைக் கையில் ஏந்தித் தலம் தலமாக நடந்து, அதன் நுனி இனித்த இந்தக் கரையில் லிங்கமானார். விளக்கை ஏற்றிவிட்டு, "இந்தக் கசப்பை எடுத்துவிடுங்கள் ஐயா" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நினைவுக்கு வந்ததோ வேறு. பொங்கலன்று வீட்டுத் திண்ணையில் அண்ணன் பல்லால் கரும்பை உரித்து, அடிக்கரும்பை எனக்குக் கொடுத்துவிட்டு, சப்பென்றிருக்கும் நுனியைத் தான் மென்றுகொண்டிருப்பார். ஒரு வருடமும் அவர் அதை மாற்றிச் செய்ததில்லை. இந்த 7 ஆண்டுகளில் அந்தத் திண்ணையை நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அது கைவிட்டுப் போனதை மட்டுமே நினைத்தேன், அதில் கரும்போடு உட்கார்ந்திருந்த சிறுவனை நினைக்கவில்லை. லிங்கத்தின் முன் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை.

கையெழுத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஐயனே, என் தாயின் வேண்டுதலைப் பாதியாவது நிறைவேற்ற வைத்தீர்களே, அந்தக் கரும்பை நினைவுபடுத்தினீர்களே, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! திருநீறு கொடுத்த பெரியவரிடம் இன்னொரு பொட்டலம் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார்.

"எங்கள் அண்ணனுக்கு" என்றேன்.