கடைமடைக் காட்டில் பாட்டியும் பேத்தியும்

காவிரிப் படுகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பார்க்கத்தான் வருகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருநள்ளாறு, வேளாங்கண்ணி என்று ஒரு சுற்று முடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வேளாங்கண்ணியிலிருந்து இன்னும் தெற்கே இறங்கினால் வேதாரண்யம், அதையும் தாண்டினால் கோடியக்கரை. மேற்கே போனால் முத்துப்பேட்டை. வயல் முடிந்து கடல் தொடங்கும் அந்தப் பட்டையில் வெளிமானும் நரியும் பூநாரையும் இருக்கின்றன. எனக்கு வேலை அங்கேதான். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிற குடும்பங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது.

குடும்பத்தோடு காடு பார்க்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் குறைவு என்பது என் கட்சி. ஏற்றம் இல்லை. கோடியக்கரையில் ஆக உயரமான இடமே ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான், சுமார் 4 மீட்டர். யானை, சிறுத்தை பயம் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே தடத்தில் சேர்ந்து நடக்கலாம்.

பொங்கல் கழிந்து திருச்சியிலிருந்து வந்த குடும்பம் அப்படிப்பட்டதுதான். அப்பா, அம்மா, பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், அப்பாவைப் பெற்ற பாட்டி. யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, கூட்டத்திலேயே சின்னவருக்கு என்ன வயது, பெரியவருக்கு முட்டி எப்படி என்பதுதான். அவர்கள் இருவரின் வேகம்தான் அந்தப் பயணத்தின் வேகம். அப்புறம் சொல்வது: எல்லோருக்கும் மூடிய ஷூ. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதையும் பிளாஸ்டிக் பாட்டிலில் வேண்டாம். பாம்புக்கடி மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை எது, எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதையும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன். பெற்றவர்களுக்கு அது தெரிந்தால்தான் பிள்ளையின் கையை விடுவார்கள்.

விடியும் முன்னே வேதாரண்யத்திலிருந்து கிளம்பினோம். அகத்தியம்பள்ளி தாண்டும்போது இரண்டு பக்கமும் உப்பளம். சீசன் தொடங்குகிற நேரம், பாத்திகளை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பையனிடம், 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி உங்கள் ஊரிலிருந்துதான் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் கிளம்பினார்கள், 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள் என்றேன். "நடந்தேவா மாமா?" என்றான். "நடந்தேதான். அதுவும் சித்திரை வெயிலில்." காரில் வரும்போதே இரண்டு முறை ஏசியைக் கூட்டச் சொன்ன பையன் ஜன்னலை இறக்கிவிட்டு உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கோடியக்கரை சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கிண்டி, வல்லநாடு மாதிரி ஒரு சில இடங்களில்தான் வெளிமானை இப்படி அதன் போக்கில் பார்க்க முடியும். அப்பா கையில் ஒரு லிஸ்ட் இருந்தது: வெளிமான், புள்ளிமான், குதிரை, பூநாரை, ராமர் பாதம், கலங்கரை விளக்கம். பத்து மணிக்குள் முடித்துவிடலாமா என்று கேட்டார். "சார், முதல்ல புல்வெளி. மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன்.

புல்வெளி ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உட்கார்ந்திருந்தோம். முதலில் தெரிந்தவை குதிரைகள். முன்னொரு காலத்தில் வீட்டில் வளர்ந்தவற்றின் வம்சம், இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் காட்டில் திரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் மான்கள். பழுப்பு நிறப் பெண்மான்கள் தலையை இறக்கி மேய, கொஞ்சம் தள்ளி ஒரு கலைமான், அதாவது ஆண் வெளிமான். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கேறிய கொம்பு. அது ஒரு காய்ந்த குச்சியின் நுனியிடம் போய், கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியை அந்த நுனியில் மெதுவாகத் தேய்த்தது. இன்னும் கொஞ்சம் நடந்து, ஏற்கெனவே புழுக்கை குவிந்து கிடந்த இடத்திலேயே புழுக்கை போட்டது. இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிற வழி அது. புழுக்கை என்றதும் சின்னவளுக்கு ஒரே சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கலைமான்கள் நேருக்கு நேர் முறைத்து, தலையைத் தாழ்த்தி, அப்புறம் மனசு மாறி விலகிப்போனதையும் பார்த்தோம். அப்பா லிஸ்டை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான்: இவ்வளவு சீமைக்கருவேலம் எப்படி வந்தது? மானும் குதிரையும் அதன் நெற்றைத் தின்கின்றன, விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது, முளைத்த மரம் புல்வெளியை மூடுகிறது, புல்வெளி குறைந்தால் மானுக்கு இடமில்லை. தன் வீட்டைத் தானே மூடிக்கொள்கிற மாதிரி. அதனால்தான் வனத்துறை அதை வெட்டி எடுக்கப் பாடுபடுகிறது.

பாலை மரங்கள் நிற்கும் உள்காட்டில் பாட்டி முன்னே நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பிறந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். "தம்பி, இது பிரண்டை. இது காரை. இந்தா, சூரை!" என்று ஒரு முள்புதரின் முன் நின்றார். கறுத்துப் பழுத்த சின்னச் சின்னச் சூரைப்பழம். கை தானாக நீண்டது. "அம்மா, சரணாலயத்துல எதையும் பறிக்கக் கூடாது. அது பறவைக்கு" என்றேன். கையை இழுத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றவர், பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, மாடு மேய்க்கப் போன அண்ணன்மார் துண்டில் முடிந்து கொண்டுவந்த சூரைப்பழத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். ஒரு வழிகாட்டி எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை இந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகள் என்னிடம் செடியின் பெயரைத் தெரிந்துகொள்வார்கள். பாட்டியிடம் கேட்டால் அந்தச் செடி அவர்கள் குடும்பத்துக்கே வந்துவிடும்.

சதுப்பில் பூநாரைகளைத் தூரத்தில்தான் பார்த்தோம். என் தொலைநோக்கியைத் தாங்கியில் பொருத்தி, சின்னவள் உயரத்துக்கு இறக்கி வைத்தேன். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அவை சலித்துத் தின்பது நன்றாகத் தெரிந்தது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தவை குஞ்சுகள். தின்னும் பாசியிலும் சிறு இறாலிலும் இருக்கும் நிறமிதான் போகப்போக அவற்றை இளஞ்சிவப்பாக்குகிறது. ஆனால் எனக்குப் பிள்ளைகளிடம் காட்டப் பிடித்தது காலடிச் சேற்றில் ஓடும் கொசு உள்ளான் என்ற சின்னப் பறவை. எடை 20 முதல் 30 கிராம். வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் முட்டை பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறது. பையன் பாக்கெட்டில் இருந்த சில்லறையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். நாலைந்து காசு போதும் ஒரு குருவிக்கு.

மதியம் புளிசாதமும் துவையலும், வழியில் வாங்கிய பனங்கிழங்கும். இலையைக்கூட மடித்து எடுத்துக்கொண்டு வந்தோம், குரங்குகள் பழகிவிடக் கூடாது. அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சின்னவள் தூங்கிவிட்டாள், ராமர் பாதத்தைப் பாட்டி மட்டும் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. ஜாம்புவானோடையில் படகு ஏறினோம். படகு விஷயத்தில் நான் கறார். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் படகு நகராது. பெரியவர்களின் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டேன், தண்ணீரில் விழுந்தால் அது தலைவழியாக நழுவிவிடும். காற்று ஏறும் முன் காலையிலேயே போய்வந்துவிட வேண்டும்.

படகு போனது கோரையாற்றில். பையனிடம் கேட்டேன், உங்கள் ஊரில் காவிரிப் பாலத்துக்கு அடியில் போகிற தண்ணீர் எங்கே போகிறது என்று. கடலுக்கு என்றான். எந்த வழியாக? கல்லணையில் பிரிந்து வெண்ணாறாக வருகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. வயலெல்லாம் குடித்து மிஞ்சியதுதான் இங்கே வருகிறது. "அப்ப இது எங்க வீட்டுத் தண்ணியா?" என்றாள் சின்னவள். ஆமாம் என்றேன். தண்ணீர் குறைந்த வருடங்களில் இங்கே உப்பு ஏறுகிறது, ஏறிய உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மரம் மட்டுமே காட்டை நிறைக்கிறது. மேட்டூரில் மதகு திறப்பது கடைமடை விவசாயிக்கு மட்டுமான சேதி இல்லை, இந்தக் காட்டுக்கும்தான்.

கரையோரம் படகு ஒதுங்கியதும், முதலில் தில்லை மரத்தைக் காட்டி அதன் அருகே கையை நீட்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அப்புறம் ஒரு வெண்கண்டல் இலையைக் காட்டி, பறிக்காமல் அப்படியே நக்கிப் பாருங்கள் என்றேன். பையன் தயங்கினான். சின்னவள் நாக்கை நீட்டிவிட்டாள். "அம்மா, உப்பு!" கடல் தண்ணீரைக் குடித்து, வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது அந்த மரம். வெயிலில் இலையின் மேல் சின்னச் சின்னப் பரல்களாக அது மின்னியது. பாட்டியும் நக்கிப் பார்த்தார். சேற்றில் ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கும் மூச்சு வேர்களுக்கு நடுவே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. சேற்றில் தத்தித் தாவும் மீன் ஒன்று வேரில் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அந்த ஒரு இடத்திலேயே பாதி நேரம் போய்விட்டது. லகூன், அதாவது காயலின் முகத்துவாரம் வரை போகவில்லை. பரவாயில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது. இந்தக் காடு அன்று இலையெல்லாம் கருகி நின்றதையும் கோடியக்கரையில் மரங்கள் வேரோடு சாய்ந்ததையும் பார்த்தவன் நான். படகுக்கார அண்ணன் துளிர்த்து வந்த மரங்களைக் கையை நீட்டி நீட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். தன் வீட்டுப் பிள்ளைகளைக் காட்டுகிற பெருமை அவர் குரலில் இருந்தது.

திரும்பும்போது அம்மா, மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டார். பறவை வேண்டுமென்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஆறுமணிக்குருவி பார்க்க அக்டோபர், ஆனால் மழைக்குத் தயாராக வர வேண்டும். கோடையில் பறவை குறைவு, வெயில் கொளுத்தும், ஆனால் பாலைப்பழம் பழுத்திருக்கும். "சந்தையில கிடைக்குமா தம்பி?" என்றார் பாட்டி. வேதாரண்யத்தில் கிடைக்கும் என்றேன். அப்படியானால் கோடையில்தான் என்று பின்சீட்டிலிருந்து முடிவாகிவிட்டது.